வீட்டுக்கு ரவுட்டர் வாங்குமுன்

சேலையூர்ப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர், பின்னறையில் மகளின் இணைய வகுப்பு அடிக்கடி அறுபடுகிறதென்று விலையுயர்ந்த ரவுட்டர் ஒன்று வாங்கினார். அதைப் பழைய பெட்டியின் பக்கத்திலேயே, வாசலருகில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தார். பலன் ஏதுமில்லை.

கண்ணாடியிழை இணைப்புடன் சுவரில் பொருத்தப்படும் பெட்டியிலேயே பெரும்பாலும் ரவுட்டரும் அடங்கியிருக்கிறது. முதலில் அதனை வீட்டின் நடுவே, சற்று உயரமான இடத்துக்கு மாற்றிப் பார்ப்போமாக. பல வீடுகளில் குறை அத்துடன் தீர்ந்துவிடும்.

தீராவிடில் புதியது வாங்கலாம். அது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளிலும் இயங்குதல் அவசியம். முன்னது செங்கற்சுவரைக் கடந்து தொலைவு செல்லும். ஆயின் குரோம்பேட்டை, தாம்பரம் அடுக்குமாடிகளில் அண்டை வீட்டாரும் அதையே உபயோகிப்பதால் நெரிசல் மிகுதி. பின்னது வேகமானது, சுவர் குறுக்கிட்டால் விரைவில் தளரும். நம் நாட்டில் இதனை உரிமமின்றி உபயோகிக்க 2018-இல் தாராளமாக இடமளிக்கப்பட்டது.

பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது இரு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டியது. 100 மெகாபிட்டுக்கு மேற்பட்ட திட்டம் உடையோர், கம்பி செருகும் துளைகள் கிகாபிட் தரமுடையனவா என்று கேட்டு வாங்க வேண்டும். இன்றேல் கட்டும் சந்தாவில் ஒரு பகுதி வீண்.

மின்வெட்டுக்கென மின்கலப் பெட்டி வாங்குவோர் வோல்ட் அளவைச் சரிபார்க்கவும். இழைப்பெட்டி, ரவுட்டர் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.