நடுரோட்டில் நின்ற கார்.. 'ஆர்எஸ்ஏ' இருந்தும் பில் வருவது ஏன்?

நள்ளிரவு. குடும்பத்தோடு வரும்போது நெடுஞ்சாலையில் கார் நின்றுவிடுகிறது. "நம்மகிட்டதான் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கே" என்று தைரியமாக போன் போட்டால், வண்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் கையில் பில்! ஏன் இப்படி?

ஆர்எஸ்ஏ என்பது வாகனக் காப்பீட்டுடன் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் வசதி. உதவிக்கு ஆள் வருவார். அதற்காக எல்லாமே இலவசம் என்று அர்த்தமில்லை.

எதற்கெல்லாம் பணம்?

பெட்ரோல்: கொண்டு வந்து தருவார்கள். பெட்ரோலுக்கான காசு பொதுவாக நம்முடையதுதான்.

பஞ்சர்: ஸ்டெப்னி மாற்றித் தருவார்கள். அதிலும் காற்று இல்லையென்றால் கூடுதல் செலவு நம் தலையில் விழலாம்.

டோயிங்: பல திட்டங்களில் தூர வரம்பு உண்டு. உதாரணமாக, வரம்பு 50 கி.மீ., ஒர்க்‌ஷாப் 80 கி.மீ. தள்ளி என்றால் மீதி 30 கி.மீ.க்கு நாம்தான் கட்ட வேண்டும்.

எண்ணிக்கை: ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்ற கணக்கும் இருக்கும்.

பலர் கோட்டைவிடுவது எங்கே?

அவசரத்தில் வெளி கிரேனை அழைத்துவிட்டு, பிறகு பணம் கேட்பார்கள். முன் அனுமதி இல்லாவிட்டால் பல திட்டங்களில் அது கிடைக்காது.

என்ன செய்யலாம்?

கிரேனில் வண்டியை ஏற்றும் முன்பே இலவச தூரம், கூடுதல் கட்டணம் இரண்டையும் கேட்டு, மெசேஜாக வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற 24 மணி நேர உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கட்டணத்தில் சந்தேகமா? முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தீர்வு இல்லையென்றால் ஐஆர்டிஏஐ-யின் 155255 எண்ணில் முறையிடலாம்.