கோழியைக் கடிக்காத காவல் நாய்: இளம் வயதிலேயே பழக்கும் முறை

பரவை, சமயநல்லூர், சோழவந்தான் பகுதிகளில் நெல்லும் காய்கறியும் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் தோட்டக் காவலுக்கு நாய் வளர்க்கின்றனர். கூடவே நான்கைந்து கோழிகளும் வைத்திருப்பார்கள். காவலுக்கு வைத்த நாயே ஒரு நாள் கோழியைக் கவ்விக் கொன்றுவிட்டால் நட்டம்தான். அது பக்கத்து வீட்டுக் கோழியாக இருந்துவிட்டால் பகையும் வந்து சேரும். பிறகு நாயை இரவும் பகலும் கட்டிப் போடுகிறார்கள். அல்லது எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். குட்டிப் பருவத்தில் நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கிப் பழக்கினால் இந்த நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

நம் நாய்களின் இயல்பு

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தென் மாவட்டங்களில் பெயர் பெற்ற இனங்கள். ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு தபால் தலை வெளியிட்டுள்ளது. சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடக் கண் பார்வையைக் கொண்டே இரையைத் துரத்திப் பிடிப்பவை. லாப்ரடார் போன்ற மேல்நாட்டு நாய்களோ, சுட்டு வீழ்த்திய பறவையை நசுக்காமல் எடுத்து வந்து கொடுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. நம் நாய்க்குத் துரத்துவது பிறவிக் குணம். கொண்டு வந்து கொடுப்பதை நாம்தான் கற்றுத் தர வேண்டும்.

இரண்டு முதல் நான்கு மாதம் வரை

எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த நாள் முதல் பெயர் சொல்லி ‘வா’ என்று அழைத்துப் பழக்குங்கள். வந்தவுடன் அவித்த ஈரல் அல்லது முட்டையில் ஒரு துண்டு கொடுங்கள். அழைத்துவிட்டு ஒருபோதும் அடிக்கக் கூடாது. அடித்தால் அடுத்த முறை அழைக்கும்போது ஓடி ஒளியும். ஆடு, மாடு, கோழி, குழந்தைகள் அனைத்தையும் இந்த வயதிலேயே அமைதியாகப் பார்த்துப் பழக வேண்டும்.

மூன்றாம் மாதத்தில் ‘கொண்டு வா’ பயிற்சியைத் தொடங்கலாம். பழைய வேட்டியைச் சுருட்டிக் கட்டி, குட்டியின் வாய்க்கு அடங்கும் உருளையாகச் செய்துகொள்ளுங்கள். தொழுவத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து போல, ஒரு பக்கம் அடைபட்ட குறுகலான இடம் இதற்கு ஏற்றது. திறந்த பக்கத்தில் நீங்கள் குந்தி அமர்ந்து உருளையை உள்ளே எறியுங்கள். எடுத்த குட்டி திரும்பி வர உங்கள் பக்கமே வழி இருக்கும். அதைத் துரத்தக் கூடாது. துரத்தினால் விளையாட்டென்று எண்ணி ஓடும். நாளுக்கு மூன்று நான்கு முறை எறிந்தால் போதும். குட்டிக்குச் சலிப்புத் தட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

‘விடு’ என்பதே முக்கியம்

உருளையைக் கொண்டு வந்ததும் பிடுங்காதீர்கள். இழுக்க இழுக்க நாய் இறுக்கிக் கடிக்கும். அந்தப் பழக்கமே பின்னர் கோழியின் உயிரை வாங்கும். முதலில் தடவிக் கொடுங்கள். பிறகு மூக்கின் அருகே ஈரல் துண்டைக் காட்டி, வாய் திறக்கும் நேரத்தில் ‘விடு’ என்று சொல்லுங்கள். விட்டதும் துண்டைக் கொடுத்து, உருளையையும் மீண்டும் எறியுங்கள். கொடுத்தால் இழப்பு இல்லை என்று குட்டி புரிந்துகொள்ளும். நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைக்கும். அப்போது வாய் வலிக்குமாதலால் கடினமான பொருளைக் கவ்வச் செய்யக் கூடாது.

ஆறு மாதத்திற்குப் பின்

மேல்நாட்டு வேட்டைக்காரர்கள் பயிற்சியில் சிறகு கட்டிய உருளையையும், பிறகு இறந்த பறவையையும் எடுத்து வரச் செய்வார்கள். நாம் இதில் நேர் எதிர்த்திசையில் செல்ல வேண்டும். சிறகு கட்டிப் பழக்கினால், பறவை என்றாலே கவ்வும் பொருள் என்று நம் நாய் பாடம் படித்துவிடும். மாறாக, நாயை முப்பதடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, மேயும் கோழிகளுக்கு எட்ட அமருங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் ‘இரு’ என்று சொல்லித் தின்பண்டம் கொடுங்கள். நாளடைவில் தூரத்தைக் குறைக்கலாம். பல வாரங்கள் பாயாமல் இருந்த பிறகே, உங்கள் கண் பார்வையில் அவிழ்த்து விட வேண்டும்.

கொன்ற கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் பயனில்லை. முன்பு செய்த செயலுக்கும் இப்போதைய தண்டனைக்கும் உள்ள தொடர்பை நாய் அறியாது.

சட்டத்தை மறவாதீர்கள்

நன்கு பழகிய நாயை முயல் பிடிக்கவோ மயிலை விரட்டிப் பிடிக்கவோ ஏவக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். பிடிக்க முயல்வதும் வேட்டையே. 1963 முதல் நம் தேசியப் பறவையான மயில் இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. நாற்றங்காலில் மயில் இறங்கித் தொல்லை தந்தால், இரு மரங்களுக்கிடையே கம்பி கட்டி, அதில் ஓடும் வளையத்தில் நாயின் சங்கிலியை மாட்டி விடலாம். நாய் அங்கும் இங்கும் நடமாடிக் குரைக்கும். மயிலைப் பிடிக்க அதற்கு எட்டாது. நிழலும் தண்ணீரும் அவசியம்.

தடுப்பூசி

மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறியபடி ஆண்டுதோறும் தொடர வேண்டும். பழக்கும்போது குட்டியின் பல் பட்டுத் தோல் கீறினாலும் அலட்சியம் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். குடற்புழு நீக்கம், மற்றத் தடுப்பூசிகள் பற்றி அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டறியலாம்.

வீட்டில் உள்ள அனைவரும் ‘வா’, ‘விடு’, ‘இரு’ என்ற இதே மூன்று சொற்களையே பயன்படுத்துவது நலம். ஒருவர் ‘விடு’ என்றும் மற்றொருவர் ‘போடு’ என்றும் சொன்னால் குட்டி குழம்பிவிடும்.