மூக்குக் கண்ணாடித் தொழில் – நம் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

கடை நடத்தும் குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்கு வேறு தொழில் தேடும்போது, மூக்குக் கண்ணாடிக் கடையும் பேச்சில் அடிபடுகிறது. சரக்கு வண்டு வைக்காது, கிடங்கு வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்குவது இயற்கை என்பதால் வாடிக்கையாளருக்கும் பஞ்சமில்லை. எல்லாம் உண்மையே. ஆனால், இது ஃபிரேம் விற்கும் தொழில் என்று நினைத்து முதல் போட்டால் கையைச் சுட்டுக் கொள்வோம். அடிப்படையில் இது அளவெடுக்கும் தொழில்.

இத்துறையில் மூன்று வேலைகள் உண்டு. நோயைக் கண்டறிந்து சிகிச்சையும் அறுவையும் செய்பவர் கண் மருத்துவர். பார்வையைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அந்தச் சீட்டின்படி லென்ஸைத் தேர்ந்து, ஃபிரேமில் பொருத்தி, முகத்திற்குச் சரிசெய்து கொடுப்பவர் ஆப்டிஷியன். கடையின் பெயர் நிற்பது இந்த மூன்றாமவர் கையில்தான்.

ஏன் என்று பார்ப்போம். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே அமைய வேண்டும். 4 டயாப்டர் பவருள்ள லென்ஸில் அது 5 மில்லிமீட்டர் விலகினால், ஒரு மீட்டர் தூரத்திலுள்ள பொருள் 2 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும் அளவுக்கு ஒளி வளைகிறது. பவர் சரியாக இருந்தும் தலைவலி, கண்வலி வரலாம். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அதன் கோணமும் பிசகக் கூடாது. தராசு முள் தவறினால் நமக்குப் போவது காசு; இங்கே அவதிப்படுவது வாடிக்கையாளரின் கண்.

படிப்பைப் பொறுத்தவரை, மேல்நிலையில் அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பில் சேரலாம். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து 4 ஆண்டுகள். டிப்ளமோ படிப்புகளும் உள்ளன. சென்னையில் சங்கர நேத்ராலயாவைச் சார்ந்த எலீட் ஆப்டோமெட்ரி பள்ளி 1985-இல் தொடங்கியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமப்புறப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, பார்வைச் சோதனை முதல் கண்ணாடிப் பிரிவு வரை பணியில் அமர்த்தி வருகிறது. பெண் பிள்ளைகளுக்கும் இது நல்ல வழி. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளையும் முறைப்படுத்தப்பட்ட தொழிலினர் வரிசையில் சேர்த்திருக்கிறது. ஆகவே, படிக்காமல் கண் சோதிக்கும் பழக்கத்தை நம்பிக் கடை போட வேண்டாம்.

முதலீட்டில் ஒரு நுணுக்கம். சாதாரண பவர் லென்ஸ்களை இருப்பு வைக்கலாம். மற்றவற்றை ஆர்டர் வந்த பின் மொத்தக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். முடங்குவது ஃபிரேமில் போட்ட பணம்தான்; மோஸ்தர் மாறினால் அது தேங்கிய சரக்கு. எனவே ஷோகேஸ் அலங்காரத்தைக் குறைத்து, பவர் சரிபார்க்கும் லென்ஸோமீட்டரும் விளிம்பு தேய்க்கும் இயந்திரமும் நல்லதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் முக்கியம். கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் ஆரம்பத்தில் வலியோ அறிகுறியோ காட்டாது. கண்ணாடி போட்டும் பார்வை தெளியவில்லை என்பவரிடம் இன்னொரு கண்ணாடி விற்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அன்றைய விற்பனை போனாலும், அந்தக் குடும்பமே நம் கடைக்கு வரும்.

பிள்ளைகளுக்கு இதில் நாட்டம் இருந்தால், கடைக்கு இடம் பார்ப்பதற்கு முன் படிக்க வையுங்கள். படித்தபின் ஓராண்டாவது நல்ல கடையின் பட்டறையில் வேலை பழகட்டும். கை தேர்ந்த பிறகு பெயர்ப்பலகை மாட்டலாம்.