பிறப்புறுப்புப் பருக்கள்

பிறப்புறுப்புப் பருக்கள் என்பது ஆண், பெண் பிறப்புறுப்புகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள தோலிலும் தோன்றும் சிறு புடைப்புகள், மருக்கள், கொப்புளங்கள் ஆகியவற்றைக் குறிக்கும் பொதுச் சொல்லாகும். இது ஒரு தனி நோயின் பெயர் அன்று. இவற்றுள் பல உடலின் இயல்பான அமைப்புகள். சில சாதாரணத் தோல் நோய்கள். வேறு சில பால்வினை நோய்களின் அறிகுறிகள். வலி இல்லாமையை நோய் இல்லாமை எனக் கொள்ள இயலாது.

இயல்பான அமைப்புகள்

* போர்டைசு புள்ளிகள்: மயிரின்றித் தனித்திருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள். வெளிர் மஞ்சள் நிறமுடையவை. உதட்டிலும் காணப்படும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜான் அடிசன் போர்டைசு 1896 ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தார்.
* முத்துப் பருக்கள்: ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக அமைந்த, ஒரே அளவிலான சிறு புடைப்புகள்.
* யோனிவாய்ப் புடைப்புகள்: பெண்களின் உள் இதழ்களின் உட்புறத்தில் இருபுறமும் சமமாக அமைந்த மென்மையான புடைப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனி அடிப்பகுதி உடையது. மருக்களிலோ பல நீட்சிகள் ஒரே அடியிலிருந்து கிளைக்கும்.

இம்மூன்றும் தொற்றுவன அல்ல, சிகிச்சையும் தேவையில்லை.

நோய்களால் தோன்றுபவை

* மயிர்க்கால் அழற்சி: மயிர் மழித்த பின் ஏற்படும் சிவந்த பருக்கள்.
* மருக்கள்: மனித பாப்பிலோமா தீநுண்மியால் உண்டாகின்றன. ஏறத்தாழ 90 விழுக்காடு 6, 11 ஆகிய வகைகளால் வருபவை. புற்றுநோயுடன் பெரிதும் தொடர்புடையவை 16, 18 போன்ற வேறு வகைகளே.
* மொலசுகம்: நடுவில் குழி விழுந்த, பளபளப்பான பருக்கள்.
* பிறப்புறுப்பு அக்கி: கூட்டமாகத் தோன்றி உடைந்து வலிக்கும் நீர்க்கொப்புளங்கள். மீண்டும் வரக்கூடும்.
* மேகப்புண் (சிபிலிசு): தொற்று ஏற்பட்டு 10 முதல் 90 நாட்களுக்குள் பெரும்பாலும் வலியற்ற, கெட்டியான புண் தோன்றும். சிகிச்சையின்றியே அது 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும். ஆயினும் நோய் உடலில் தங்கிப் பின்னாளில் மூளை, இதயம் முதலியவற்றைத் தாக்கலாம். தொடக்க நிலையில் பென்சிலின் ஊசியால் முற்றிலும் குணமாகும்.
* சிரங்கு: இரவில் மிகும் அரிப்புடன் கூடிய பருக்கள். வீட்டிலுள்ள பிறருக்கும் அரிப்பு இருக்கலாம்.

நோயறிதல்

அனுபவமுள்ள தோல், பால்வினை நோய் மருத்துவர் பெரும்பாலானவற்றைக் கண்ணால் பார்த்தே அறிவார். பரு தோன்றிய காலம், அதன் மாற்றம், பாலுறவு விவரம், பூசிய மருந்துகள் ஆகியவற்றையும் அவர் கேட்பார். புதிய கொப்புளத்திலிருந்து எடுக்கும் நீர், அக்கியை உறுதிசெய்ய ஏற்றது. மேகப்புண்ணுக்கு இரத்தச் சோதனை செய்யப்படும். தொடக்க நாட்களில் அது எதிர்மறையாக வரக்கூடும் என்பதால் சில வாரங்கள் கழித்து மீண்டும் செய்வதுண்டு. ஐயம் நீங்காதபோதும், பரு நிறம் மாறினாலும், இரத்தம் கசிந்தாலும், ஆறாதிருந்தாலும் திசு ஆய்வு தேவைப்படலாம். பால்வினை நோய் ஐயமிருப்பின் எச்.ஐ.வி. சோதனையும் பரிந்துரைக்கப்படும். தமிழ்நாட்டில் அரசு நம்பிக்கை மையங்களில் இது இலவசமாகச் செய்யப்படுகிறது.

அச்சமும் காலத்தாழ்வும்

கூச்சத்தால் பலர் மருத்துவரை நாடுவதில்லை. படங்களுடன் ஒப்பிட்டுத் தாமே முடிவு செய்வதால் இயல்பான புடைப்பு உடையவர் வீணே அஞ்சுகிறார். வலியற்ற புண் உடையவரோ அது ஆறியதும் மறந்துவிடுகிறார். கை, கால் மருக்களுக்கான அமில மருந்தைப் பிறப்புறுப்பில் பூசினால் தோல் வெந்துவிடும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் நோயின் தோற்றத்தை மாற்றி, கண்டறிவதைக் கடினமாக்கும். பருக்களைக் கிள்ளுதலும் ஆகாது.

மருவை உண்டாக்கும் தீநுண்மி பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் வரை வெளித்தெரியாமல் இருக்கக்கூடும். எனவே மரு இப்போது தோன்றியது என்பதைக் கொண்டு அது எப்போது, யாரிடமிருந்து தொற்றியது எனக் கூற இயலாது. கணவன் மனைவியர் ஒருவரையொருவர் ஐயுறுவதற்கு மருவைச் சான்றாகக் கொள்ளுதல் பிழையாகும். மேகப்புண் உறுதியானால் துணைவரும் சோதனையும் சிகிச்சையும் பெறுதல் வேண்டும்.