நேத்து நல்லாத்தானே இருந்த?

இதை ரெக்கார்ட் பண்ணும்போது ஞாயிறு காலை மணி பதினொண்ணு. ஏன் சொல்றேன்னா, ஆறு மணிக்கு என்னால இந்த மைக்கை ஸ்டாண்டுல மாட்டித் திருகக்கூட முடிஞ்சிருக்காது.

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழ்ல முடக்குவாதம்னு சொல்வாங்க. வயசு இன்னும் முப்பது ஆகல. "பாட்டிங்களுக்கு வர்ற மூட்டுவலிதானே?"ன்னு கேப்பாங்க. அது தேய்மானம், வேற கதை. இதுல நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டோட உள்சவ்வை எதிரின்னு நினைச்சுத் தாக்குது. அந்தத் தாக்குதல் ஒரே அளவுல இருக்காது, ஏறும், இறங்கும்.

போன வருஷம் ஒரு ஆடி ஞாயிறு. பெரியபாளையத்துல அன்னைக்கு பவானி அம்மன் கோயிலைச் சுத்தி நிக்க இடம் இருக்காது. எங்க பாத்தாலும் பொங்கப்பானை, வேப்பஞ்சேலை கட்டினவங்க. வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்களுக்கு நானும் ஓடி ஓடி வேலை செஞ்சேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வச்சேன்.

திங்கக்கிழமை விடியக்காலை நாலரை மணி. அலாரத்தை நிறுத்த விரல் மடங்கல. டூத்பேஸ்ட் மூடியைப் பல்லால கடிச்சுத் திறந்தேன். ஆறு மணி ஷிப்ட், கும்மிடிப்பூண்டி போகணும். லீவு சொல்ல போன் பண்ணினா, சூப்பர்வைசர் அண்ணன் கேட்டார்: "நேத்து நல்லாத்தானம்மா இருந்த? ஸ்டேட்டஸ் பாத்தேனே!"

அவர் பொய் சொல்லல. நேத்து நான் நல்லாத்தான் இருந்தேன். நானும் பொய் சொல்லல.

காலையில ஏன் மோசம்? வீக்கத்தைத் தூண்டுற இன்டர்லூக்கின்-6 மாதிரியான பொருட்கள் ராத்திரியில ஏறி, விடியக்காலையில உச்சத்துக்குப் போகுது. தேய்மான மூட்டுவலியில காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள விட்டுடும். எங்களுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டும், சில நாள் மதியம் வரைக்கும் இழுக்கும். அதே கை சாயங்காலம் பூ கட்டும். பாக்கறவங்களுக்கு நடிப்பு மாதிரிதான் தெரியும்!

இந்த இடத்துல எனக்குப் பிடிச்ச ஒரு ஆளைச் சொல்லணும். பிலிப் ஹென்ச், அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டர். 1929-ல அவர்கிட்ட வந்த ஒரு முடக்குவாத நோயாளி, மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டுவலி குறைஞ்சிடுச்சுன்னு சொன்னார். கர்ப்பமா இருக்கற பெண்களுக்கும் வலி குறையறதை ஹென்ச் கவனிச்சார். "அப்போ உனக்கு நோயே இல்ல"ன்னு அவர் சொல்லல. உடம்புக்குள்ள எது வந்து இதைக் குறைக்குதுன்னு தேட ஆரம்பிச்சார். 1948-ல கார்டிசோனை முதல்முறையா ஒரு நோயாளிக்குக் கொடுத்தாங்க. எழுந்திரிக்கவே கஷ்டப்பட்ட அந்தப் பெண், சில நாள்ல நடந்தாங்க. 1950-ல நோபல் பரிசு. (ரொம்ப நாள் எடுத்தா கார்டிசோன் பண்ற சேட்டைக்குத் தனி எபிசோடே போடலாம்.)

அவர் கேட்டதும் கிட்டத்தட்ட சூப்பர்வைசர் அண்ணன் கேட்ட கேள்விதான். ஆனா அவருக்கு நிஜமாவே பதில் வேணும்.

அதனால நானும் ஒரு நோட்டு போட்டேன். எத்தனை மணிக்கு விரல் மடங்குச்சு, முந்தின நாள் என்ன வேலை, எவ்வளவு தூக்கம். மூணு மாசம் எழுதினதுல, பெரிய அலைச்சலுக்கு அடுத்த நாள்தான் அதிகமா விழறேன்னு தெரிஞ்சது. ஆனா ஒண்ணுமே செய்யாம படுத்திருந்த நாளுக்கு அப்புறமும் நாலு தடவை விழுந்திருக்கேன். அதுக்குக் காரணம் எழுத வேண்டிய இடம் காலியாத்தான் இருக்கு.

அந்த நோட்டையும் டாக்டர் லெட்டரையும் வச்சு ஜெனரல் ஷிப்ட் கேட்டேன். ஒன்பது மணிக்கு வந்தா என் கை வேலை செய்யும்னு சொன்னேன். மூணு மாசம் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இப்போ ரெண்டாவது மாசம் ஓடுது.