எழுபது வளைவும் அறுபது கிலோவும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏறி, அரியூர் நாட்டின் மிளகு, காபித் தோட்டங்களுக்கு நடுவே காரின் கூரையிலேயே கூடாரம் விரித்து உறங்க ஆசைப்படுவோர் ரூஃப்டாப் டென்ட் வாங்கும்போது, எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது எடையை.

இருவர் படுக்கும் கூடாரமே பெரும்பாலும் 50 முதல் 80 கிலோ வரும். ஒன்றரை டன் எஸ்யூவி ஒன்றின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 68 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1.9 மீட்டர் உயரத்தில் 60 கிலோவை ஏற்றினால் அந்த மையம் ஏறக்குறைய 5 செ.மீ. மேலே போய்விடும். வண்டி கவிழாமல் தாக்குப்பிடிக்கும் திறனில் ஆறு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. சமவெளியில் இது தெரியாது. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால், வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும். அதே வளைவில் 30 கி.மீ. என்றால் எடையில் பத்தில் ஏழு பங்கு. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. விசையோ இரண்டேகால் மடங்கு. அதனால் இந்த மலைக்கு மெலிந்த கூடாரமே நல்லது என்பேன், அகலமும் ஆடம்பரமும் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது கேரியர். ஓடும் வண்டியின் கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும். பள்ளத்தில் குதிக்கும்போது 60 கிலோ ஒரு கணம் 120 கிலோவாகவும் அழுத்தலாம். அதற்கு இடம் விட்டுத்தான் அந்த வரம்பைக் குறைத்து வைக்கிறார்கள். நிற்கும் வண்டிக்கு இந்தக் குலுக்கல் இல்லை. கூடாரமும் உள்ளே இருவருமாக 200 கிலோ ஏறினாலும் கூரை நிற்பது அதனால்தான். ஆனால் நம்மூர்க் கார்கள் பலவற்றில் கூரைக் கம்பிகள் வெறும் அழகுக்கு ஒட்டியவை. அவற்றில் கூடாரத்தைப் பூட்டவே கூடாது.

மேலே போனபின் எதிரி குளிரும் ஈரமும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். தரைக் கூடாரத்துக்குக் கீழே மண் இருக்கிறது. இங்கே அடித்தட்டின் கீழும் காற்று வீசி வெப்பத்தை உறிஞ்சும். எனவே மெத்தைக்கு அடியில் காற்றோடும் வலை விரிப்பும், மேலே கனத்த போர்வையும் வேண்டும். இருவரின் மூச்சும் வியர்வையும் ஓர் இரவில் அரை லிட்டர் அளவுக்கு நீராவியை விடும். குளிர்ந்த துணியில் அது நீராகப் படிந்து, விடியலில் முகத்தில் சொட்டும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னல்களையும் மூடுவதுதான் இதற்குக் காரணம்; எதிரெதிரே இரண்டை ஒரு விரற்கடையாவது திறந்து வைத்தால் போதும். கரி அடுப்பை மட்டும் ஒருபோதும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுவது சட்டப்படி குற்றம். தோட்டம் என்றால் அது இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிகளில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் கிளைகள் காற்றில் எளிதில் முறியும். பலா பழுக்கும் மாதங்களில் அதன் நிழலும் வேண்டாம்.

இடி கேட்டால் யோசிக்காமல் இறங்குங்கள். கார் ஓர் உலோகக் கூடு. மின்னல் அதன் வெளித்தகடு வழியாகவே தரைக்குப் போய்விடும். துணிக் கூடாரம் அந்தக் கூட்டுக்கு வெளியே, அதுவும் உச்சியில் இருக்கிறது. காருக்குள் வந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழிந்த பின்னரே மீண்டும் ஏணியில் கால் வையுங்கள்.