நெற்றியில் உங்கள் பெயர்

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் நாளுக்குச் சர்க்கரையில் மண்டையோடு செய்கிறார்கள். வீட்டிலும் செய்யலாம்: சர்க்கரையில் கொஞ்சம் முட்டை வெள்ளைக்கரு பிசிறி, அச்சில் அழுத்தி, கவிழ்த்துக் காயவைத்தால் போதும். வண்ணச் சர்க்கரைக் குழம்பால் பூ வரைந்து, நெற்றியில் ஒரு பெயரை எழுதுவார்கள். சந்தையில் குவியலாகக் கிடைப்பதை இன்னாருக்கென்று ஆக்குவது அந்தப் பெயர்தான். சாவை மிட்டாயாக்குவது விபரீதமில்லையா என்று கேட்கலாம். ஆனால் இறந்தவர் பெயரை மட்டுமா எழுதுகிறார்கள்? உயிரோடிருக்கும் நண்பர் பெயரையும் எழுதி அவர் கையிலேயே கொடுக்கிறார்கள். பயமுறுத்த நினைப்பவர் இத்தனை பூ வரையமாட்டார். பல்லுக்குக் கெடுதல் என்பதும் நிற்காது. பெரும்பாலானவை தின்பதற்கல்ல, படையலில் வைப்பதற்கு. டொலூக்கா நகரில் இவற்றுக்கென்றே ஆண்டுதோறும் சந்தை கூடுகிறது.